வளவிலும் வயலோரத்திலும் காணப்படும் துள்ளிகளை இனங்காணல்

மஞ்சட் பாத்தியில் ஓர் இலை சுருட்டுப்போல் உருண்டிருப்பதையோ, நெற்பயிரின் இலை நூலாற் பொருத்தப்பட்டிருப்பதையோ, தென்னங்கன்றின் ஓலை குழலாக மடிந்திருப்பதையோ கண்டவுடன் தெளிகருவியைத் தேடுவது கமக்காரர் பலரிடத்து உள்ள வழக்கமாகும். சுருண்ட இலை எதுவாயினும் அதனுள் இருப்பது ‘இலைச்சுருட்டிப் புழு’ என்றும், அப்புழு எதுவாயினும் அதற்கு மருந்து ஒன்றே என்றும் எண்ணுவதே இதற்குக் காரணம். ஆனால் இவ்வாறு சுருண்ட இலைகளுள் ஒரு பங்கு, பயிருக்குப் பெருந்தீங்கு செய்யாத ஒருவகை வண்ணத்துப்பூச்சிகளின் குடம்பிகள் தமக்கென அமைத்துக்கொண்ட வீடுகளாகும். ஆங்கிலத்தில் ‘ஸ்கிப்பர்’ எனப்படும் இப்பூச்சிகள், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குத் துள்ளித் துள்ளிப் பறக்கும் இயல்பினால் இப்பிரசுரத்தில் ‘துள்ளிகள்’ எனக் குறிக்கப்படுகின்றன.

இலங்கையில் ஏறத்தாழ 250 வகை வண்ணத்துப்பூச்சிகள் உள. அவற்றுள் ஐந்தில் ஒரு பங்கு துள்ளிகளாகும். இருந்தும் இவற்றை அறிந்தோர் மிகச் சிலரே. பிரகாசமான நிறமுடைய பெரிய வண்ணத்துப்பூச்சிகளைச் சிறுவரும் அறிவர். துள்ளியோ கபில நிறமுடையது, சிறியது, கண் நிலைகொள்ளுமுன் மறைந்துவிடுவது. இவற்றை அந்துப்பூச்சி என்று கருதி ஒதுக்குவோரே மிகுதி. 1942 ஆம் ஆண்டில், நில அளவையாளர் நாயகமாகப் பணியாற்றிய வூட்ஹவுஸ் என்பவர் ஹென்றி என்பாருடன் சேர்ந்து இலங்கை வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி வெளியிட்ட நூலிலும், அதற்கு முன் 1880 முதல் 1887 வரை மூர் என்பவர் வெளியிட்ட தொகுதிகளிலும் இவை விரிவாகக் கூறப்பட்டுள்ளன. எனினும் கமக்காரருக்கு வேண்டியது செட்டையின் புள்ளிகளை எண்ணும் நுண்ணிய அறிவு அன்று. எந்தச் செடியில் எந்தப் புழு இருக்கின்றது, அதனை விட்டுவிடலாமா அகற்ற வேண்டுமா என்பதை வளவில் நின்றபடியே தீர்மானிக்கும் அறிவே அவருக்கு வேண்டியது.

துள்ளியா, அந்துப்பூச்சியா?

இவற்றைப் பிரித்தறிய முதலில் உணர்கொம்புகளைப் பார்த்தல் வேண்டும். ஏனைய வண்ணத்துப்பூச்சிகளின் உணர்கொம்பு நுனியில் குண்டாந்தடி போலத் தடித்து முடியும். துள்ளியின் உணர்கொம்பும் தடிக்கும். ஆயின் அத்தடிப்பிற்கு அப்பாலும் ஒடுங்கிச் சென்று, தூண்டில்முள் போலப் பின்னோக்கி வளைந்திருக்கும். பெரும்பாலான அந்துப்பூச்சிகளுக்கு உணர்கொம்பு நூல் போலவோ இறகு போலவோ அமைந்திருக்கும். துள்ளியின் தலை உடலளவிற்கு அகன்றது, கண்கள் பெரியவை, இரு உணர்கொம்புகளும் ஒன்றற்கொன்று எட்ட நிற்பன. உடல் பருத்து, மயிர் அடர்ந்து, செட்டைகளின் அளவிற்குச் சற்று மிஞ்சியதாகவே தோன்றும். இவ்வுடலிலுள்ள வலிய பறப்புத் தசைகளே அதன் வேகத்திற்குக் காரணம்.

பழைய நூல்கள் துள்ளிகளை வண்ணத்துப்பூச்சிகளுக்கும் அந்துப்பூச்சிகளுக்கும் இடைப்பட்ட தனிக்கூட்டமாக வைத்திருந்தன. அண்மைக் காலத்தில் மரபணுக்களை ஒப்பிட்டு நடத்திய ஆராய்ச்சிகளினால் இவை உண்மையான வண்ணத்துப்பூச்சிகளே எனத் தெளிவாகியுள்ளது.

அடுத்து நோக்க வேண்டியது, அது அமர்ந்திருக்கும் விதம். நிறத்தைப் பார்க்குமுன் இதனைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். துள்ளிகள் அமரும் முறை மூவகைப்படும். புல்லிலும் நெல்லிலும் வளரும் துள்ளிகள் காலை வெயிலிற் குளிர்காயும்போது பின்செட்டைகளைத் தட்டையாக விரித்து, முன்செட்டைகளை அரைவாசி உயர்த்தி வைத்திருக்கும். வேறெந்த வண்ணத்துப்பூச்சியும் இவ்வாறு செட்டைகளை இரு தளங்களாகப் பிடிப்பதில்லை. இரண்டாம் வகையினவற்றைத் தட்டைத் துள்ளிகள் எனலாம். இவை நான்கு செட்டைகளையும் முற்றாக விரித்து, பெரும்பாலும் இலையின் கீழ்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்றாம் வகையின செட்டைகளை முதுகின்மேல் இறுக மூடி, நிழலான இலையின் அடியில் தலைகீழாகத் தங்கும். நீண்டு ஒடுங்கிய முன்செட்டையையுடைய இவற்றை ஊசித் துள்ளிகள் எனலாம்.

காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் வெயில் படும் வேலியோரத்தில் நின்று பார்த்தால் முதல் வகையினவற்றைக் காண்பது எளிது. ஆண்பூச்சிகள் தமக்கென ஓர் இலையைத் தெரிந்துகொண்டு, துரத்தினாலும் சிறிது நேரத்தில் அதே இலைக்குத் திரும்பி வரும். ஆகையால் பின்தொடர்ந்து ஓடுவதிற் பயனில்லை. நின்ற இடத்தில் நிற்பதே நன்று. காய்ந்த பறவை எச்சத்தின்மீது ஒரு கபிலநிறப் பூச்சி நெடுநேரம் இருந்தால் அதுவும் துள்ளியாக இருக்கக்கூடும். தன் உடலிலிருந்து ஒரு துளி நீரை எச்சத்தின்மீது இறக்கி, கரைந்த உப்பை உறிஞ்சிக் குடிப்பது இவற்றின் வழக்கம்.

இலைச்சுருளைத் திறந்து பார்த்தல்

பறக்கும் பூச்சியைவிட அதன் குடம்பி கமக்காரருக்கு அதிகம் வேண்டியது. துள்ளியின் குடம்பியை அடையாளங் காண்பதற்குச் சிறந்த குறி அதன் கழுத்தாகும். தலை பெரிதாகவும் உருண்டையாகவும் இருக்க, அதற்கு அடுத்த பகுதி நூலாற் கட்டியதுபோல் ஒடுங்கியிருக்கும். அந்துப்பூச்சிக் குடம்பிகளில் இத்தகைய கழுத்தைக் காண்பதில்லை.

மற்றொரு குறி, அது வாழும் சுருளின் தூய்மையாகும். துள்ளிக் குடம்பியின் உடலின் பின்முனையிற் சீப்புப் போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதனைக் கொண்டு தன் எச்சத்தைச் சுருளுக்கு வெளியே தெறித்து எறிந்துவிடும். எச்சத்தின் மணத்தைக் கொண்டு குளவிகள் புழுவைத் தேடி வருமாகையால், வீட்டை விட்டு அதனைத் தூர எறிவது புழுவிற்குப் பாதுகாப்பாகும். எனவே சுருண்ட இலையைப் பிரித்துப் பார்க்கும்போது உட்புறம் துப்புரவாக இருந்தால் துள்ளி என்றும், கரிய துகள்கள் நிரம்பிப் பிசுபிசுத்திருந்தால் வேறொன்று என்றும் பெரும்பாலுங் கொள்ளலாம். கூட்டுப்புழு ஆகுங் காலத்திற் பலவகைத் துள்ளிகள் சுருளின் உட்புறத்தில் மாவு போன்ற வெண்ணிற மெழுகைப் பூசிக்கொள்ளும். இதனைப் பூஞ்சண நோய் என மயங்குதல் கூடாது.

நெற்பயிரில்

வயலில் இம்மயக்கம் மிகுதி, நட்டமும் மிகுதி. நெல்லிலையை மடித்து வாழும் புழுக்களுள் இரண்டைத் தெளிவாகப் பிரித்தறிதல் வேண்டும்.

இலைச்சுருட்டி எனப் பொதுவாக அறியப்படுவது ஓர் அந்துப்பூச்சியின் குடம்பியாகும். முதிர்ந்த பூச்சி வைக்கோல் நிறமானது. செட்டைகளிற் கரிய அலைக்கோடுகளும் ஓரத்திற் கரும்பட்டையும் உடையது. இதன் குடம்பி முக்கால் அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை வளரும். மஞ்சள் கலந்த பச்சை நிறமுடையது. இலையை நீளவாட்டில் மடித்து, உள்ளிருந்தபடியே பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். இதனால் இலையின்மீது நரம்புகளுக்கு இணையாக வெண்மையான, கண்ணாடி போன்ற நீண்ட கீறல்கள் தோன்றும். மடிப்பைத் திறந்தால் எச்சம் நிறைந்திருக்கும். புழுவும் நெளிந்து துடித்துத் தரையில் விழும்.

துள்ளியின் குடம்பியோ இரண்டு அங்குலம் வரை வளரக்கூடியது. இலையின் ஓரத்திலிருந்து நடுநரம்பை நோக்கிக் கடித்துத் தின்னுமாகையால், வெண்கீறலுக்குப் பதிலாக வெட்டுண்ட இடைவெளிகளே காணப்படும். இலையின் இரு ஓரங்களையும், சிலவேளை அயலிலுள்ள இரண்டு மூன்று இலைகளையும், வெண்ணூலாற் பொருத்திப் பகலில் உள்ளே தங்கும். தின்பது பெரும்பாலும் இரவிலாகும். தொட்டாலுந் துடிப்பதில்லை, மெதுவாகவே நகரும். மெல்லிய பச்சை நிற உடலும், வகைக்கேற்பக் கபில அல்லது செந்நிறக் கோடுகள் கொண்ட தலையும் உடையது. மூன்றாவதாக, தலையில் இரண்டு கொம்பும் வாலில் இரண்டு முள்ளுமாக ஒரு பச்சைப் புழுவும் நெல்லிற் காணப்படுவதுண்டு. இது துள்ளியன்று, மாலையில் வீட்டுக்குள்ளும் புகுந்து சுவரில் அமரும், சருகு நிறமான வேறொரு வண்ணத்துப்பூச்சியின் குடம்பி. கொம்பு இருந்தால் துள்ளி அன்று என நினைவிற் கொள்வது போதுமானது.

நெல்லில் வளரும் துள்ளிகளின் முதிர்பூச்சிகள் யாவும் ஏறத்தாழ ஒன்றேகால் அங்குல விரிவுடையன; கடுங்கபில நிறத்தன; முன்செட்டையில் வெண்மையான கண்ணாடிப் புள்ளிகள் சில உடையன. இவற்றுட் சாதாரணமாகக் காணப்படுவன மூன்று. போர்போ சின்னாரா எனும் விஞ்ஞானப் பெயருடைய நெற்றுள்ளியே எங்கும் மிகுதியாக உள்ளது. பெலோபிடாஸ் மதியாஸ் எனும் வகையில் ஆண்பூச்சியின் முன்செட்டையின் மேற்புறத்திற் சாம்பல் நிறமான மெல்லிய சாய்கோடு ஒன்று உண்டு. பின்செட்டையின் கீழ்ப்புறத்திற் சிறு வெண்புள்ளிகள் வில்போல் வளைந்து நிற்கும். பர்னாரா இனம் இவ்விரண்டினும் சிறியது, உணர்கொம்பு குறுகியது. தேய்ந்துபோன செட்டையுடைய பூச்சியொன்றைக் கையிற் கொடுத்தால் தேர்ந்த அறிஞரும் உடலுறுப்புக்களை நுண்நோக்கியில் ஆராயாமற் பெயர் சொல்லத் தயங்குவர். ஆகவே கமக்காரர் இம்மூன்றையும் பிரிக்க முயன்று காலத்தை வீணாக்க வேண்டியதில்லை. மூன்றும் வயலிற் செய்வது ஒன்றே. அவற்றின்பாற் கமக்காரர் செய்ய வேண்டியதும் ஒன்றே.

செய்ய வேண்டியது என்பதைவிடச் செய்யாதிருக்க வேண்டியது எனல் பொருந்தும். துள்ளி தன் முட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து இடுமாகையால் வயல் முழுவதும் புழு நிரம்புவது அரிது. சிறு குளவிகள் முட்டைகளிலும், பெரிய குளவிகளும் ஒருவகை ஈக்களும் குடம்பிகளிலும் ஒட்டுண்ணிகளாக வாழ்ந்து அவற்றைக் கொல்லும். பறக்கும் பூச்சிகளை வலைச்சிலந்திகள் பிடிக்கும். புதிதாக நடப்பட்ட நாற்றில் இலைகள் வெட்டுண்டு தோன்றுவது கமக்காரரைக் கலங்கச் செய்வது இயல்பே. ஆனால் முதல் நாற்பது நாட்களுக்குள் இழந்த இலையை நெற்பயிர் புதிய இலைகளாலும் மட்டங்களாலும் ஈடுசெய்துகொள்ளும், விளைச்சல் குறைவதில்லை.

இக்காலத்தில் மருந்து தெளிப்பதனால் வரும் கேடு, புழுவினால் வரும் கேட்டினும் பெரிது. தெளித்த மருந்து துள்ளிப் புழுவைக் கொல்லும். உடன் சிலந்தியையும் குளவியையுங் கொல்லும். அவை திரும்பப் பெருகுவதற்கு நாட் செல்லும். அதற்கிடையிற் கபிலநிறத் தத்தி வயலிற் புகுந்தால் அதனைத் தடுப்பார் எவருமிலர். எரிந்ததுபோல் வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்துபோன வயல்களிற் பலவற்றின் வரலாற்றை விசாரித்தால், இளம்பயிரில் வேண்டாத மருந்து தெளிக்கப்பட்டமை தெரியவரும். ஆகவே ஒரு சில துள்ளிப் புழுக்களுக்காகத் தெளிகருவியை எடுக்கும் கமக்காரர், சிறு கடனைத் தீர்க்கப் பெருங்கடன் வாங்குபவரை ஒப்பர்.

இலைச்சுருட்டியே மிகுந்திருப்பின், முட்கிளையொன்றைப் பயிரின்மேல் மெதுவாக இழுத்து மடிப்புக்களைக் குலைத்தல் பழையதும் பயனுள்ளதுமான முறையாகும். அப்பாலும் பெருகினால், மருந்து எது, அளவு எவ்வளவு என்பதைத் தன் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்தே தெளித்தல் வேண்டும்.

மஞ்சளிலும் இஞ்சியிலும்

2020 ஆம் ஆண்டளவில் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டு விலை ஏறியபோது, அதற்கு முன் மஞ்சளை நட்டறியாத பல வீடுகளிலும் அது நடப்பட்டது. அவ்வளவுகளுக்கு உடன் வந்து சேர்ந்த விருந்தாளி உடாஸ்பெஸ் போலஸ் எனும் துள்ளியாகும். இதன் பூச்சியை ஒருமுறை கண்டவர் மறப்பதில்லை. ஏறத்தாழ ஒன்றேமுக்கால் அங்குல விரிவுடையது; கருங்கபில நிறமானது; பின்செட்டையின் நடுவில் சுண்ணாம்பு தடவியதுபோல் பெரிய வெண்திட்டு உண்டு. இதனோடு மயங்கத்தக்க மற்றொரு துள்ளியும் இஞ்சிக் குடும்பச் செடிகளில் வளர்கின்றது. அதற்கு வெண்பட்டை முன்செட்டையில் மாத்திரமே உண்டு; பின்செட்டை முழுவதும் கரியது. வெண்மை பின்னாலா முன்னாலா என்று பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

குடம்பி வெளிறிய பச்சை நிறமானது, உள்ளுறுப்புத் தெரியுமளவிற்குத் தோல் மெல்லியது, தலை கரியது. இலையின் ஓர் ஓரத்தை உருட்டி உள்ளே வாழும். மஞ்சளில் விளைவது நிலத்தினடியிலுள்ள கிழங்காகையால், பத்துச் செடியில் நான்கு இலை சுருண்டதனாற் கிழங்கு சிறுக்காது. சிறுவரைக் கொண்டு சுருள்களைப் பிரித்துப் புழுக்களைப் பொறுக்கச் செய்து கோழிகளுக்கு இடலாம். அல்லது பாத்தியின் ஓரத்தில் இரண்டொரு செடியை அவற்றுக்கென விட்டு, மற்றைய செடிகளிலுள்ள புழுக்களை அங்கே மாற்றலாம். வளவிற் பூச்சிமருந்து தெளித்தலை எவ்வகையாலும் தவிர்த்தல் வேண்டும். விசேடமாக யாழ்ப்பாணக் குடாநாட்டிற் சுண்ணாம்புக்கல்லின்மேல் மண் மெல்லிய படையாகவே உள்ளது. பாத்தியில் ஊற்றுவது கல்லின் வெடிப்புக்களூடாகக் கிணற்றை அடைய நெடுநாட் செல்லாது. அக்கிணற்று நீரையே வீட்டார் குடிக்கின்றனர்.

தென்னையிலும் கமுகிலும்

தென்னை, கமுகு, கித்துள் ஆகியவற்றின் ஓலைகளைக் குழலாகச் சுருட்டும் குடம்பியொன்று உண்டு. அது தன் உடல் முழுவதும் வெண்ணிற மெழுகு நூல்களைப் போர்த்திருக்கும். பஞ்சு ஒட்டியதுபோல் தோன்றும் இதனை மயிர்க்கொட்டி என்று அஞ்சுவர். இது கொட்டுவதில்லை, மெழுகைத் துடைத்துவிட்டால் உள்ளே செங்கபில நிறப் புழு தென்படும். இதன் பூச்சியே கங்காரா தைர்சிஸ் எனும் பெருந்துள்ளி. இந்நாட்டுத் துள்ளிகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான இது மூன்று அங்குல விரிவுடையது. முன்செட்டையிற் பெரிய மஞ்சட் கண்ணாடித் திட்டுக்களைக் கொண்டது. கண்கள் இரத்தம்போற் சிவந்தவை. பகலில் இருண்ட மூலைகளில் ஒளிந்திருந்து, அந்திப்பொழுதிற் பறந்து பூக்களை நாடும். விளக்கு வைக்கும் நேரத்தில் வளவிலுள்ள பூஞ்செடிகளைச் சுற்றி வௌவாற் குஞ்சு போல் ஒன்று விரைந்து பறப்பதைக் கண்டால் அது பெரும்பாலும் இதுவாகலாம்.

தென்னையில் வளரும் மற்றொரு துள்ளி சிறியது, ஒன்றரை அங்குலம். இதன் பின்செட்டையின் கீழ்ப்புறம் சாம்பல் நிறமாயிருக்க, அதன்மேல் மை தெளித்ததுபோற் கரும்புள்ளிகள் தெளிவாக நிற்கும்.

தென்னையிலும் ஒரு மயக்கத்திற்கு இடமுண்டு. கருந்தலைப் புழு எனப்படும் தென்னையின் கொடிய பீடை, ஓலையைச் சுருட்டுவதில்லை. ஓலையின் கீழ்ப்பக்கத்தில் நூலாலும் எச்சத்தாலும் குகை போன்ற வழிகளை அமைத்து, உள்ளிருந்து பச்சையத்தைச் சுரண்டும். ஓலைகள் நெருப்பிற் காட்டியதுபோல் கருகித் தோன்றும். இது பரவினால் தோப்பு முழுவதும் விளைச்சல் குன்றும். இதற்கெதிராக ஒட்டுண்ணிப் பூச்சிகளை வளர்த்து விடுவிக்கும் முறை இந்நாட்டில் நெடுங்காலமாகக் கையாளப்படுகின்றது. ஓலை குழலாகி ஓரம் வெட்டுண்டிருந்தால் துள்ளி. ஓலை விரிந்தபடியே கருகி அடியில் எச்சம் அப்பியிருந்தால் கருந்தலைப் புழு. முன்னதை நாற்றுமேடையிலும் இளங்கன்றிலும் கையாற் பொறுக்கி நீக்கினாற் போதும். வளர்ந்த மரத்தில் அதுவும் வேண்டாம். பின்னதைக் கண்டால் உடனே உத்தியோகத்தருக்கு அறிவித்தல் வேண்டும்.

வளவிலுள்ள ஏனைய துள்ளிகள்

இராசவள்ளிக் கொடி ஏறியிருக்கும் வேலியில், இலையின் ஓரம் இரண்டிடத்தில் வெட்டப்பட்டு, இடைப்பட்ட துண்டு கதவுபோல் மடிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அக்கதவைத் தூக்கினால் உள்ளே ஒரு தட்டைத் துள்ளியின் குடம்பி இருக்கும். இதன் பூச்சி செட்டைகளை முற்றாக விரித்து இலையின் அடியிற் போய் ஒட்டிக்கொள்ளும். பின்செட்டையின் பெரும்பகுதி வெண்மையாக இருக்கும். பெரிய பூச்சியொன்று இலைக்கடியில் திடீரென மறைந்துவிட்டால் குனிந்து மேல்நோக்கிப் பார்த்தல் வேண்டும்.

புங்கமரம் உள்ள வளவிற் புதுத்தளிர் விடுங் காலத்தில் ஊசித் துள்ளியின் குடம்பிகள் தளிரைச் சுருட்டி வாழ்வது வழக்கம். இதன் பூச்சி இரண்டு அங்குல விரிவுடையது, கருங்கபில நிறமானது, மூடிய பின்செட்டையின் நடுவே ஒரு வெண்கோடு மேலிருந்து கீழாக ஓடும். சில ஆண்டுகளிற் சிறிய புங்கமரங்களின் தளிர் முழுவதையும் இவை தின்றுவிடுவதுண்டு. மரம் மீண்டுந் தளிர்க்கும், வெட்டவோ எரிக்கவோ வேண்டியதில்லை.

வயல் வரம்பின் ஈரப்புல்லில் ஓர் அங்குலமே உள்ள ஒரு துள்ளி தரையை ஒட்டிப் பறக்கும். ஆணின் செட்டையில் மஞ்சட் பட்டைகள் பரந்திருக்கும். பெண்ணில் அவை சிறு புள்ளிகளாகச் சுருங்கும். கரும்பு, மூங்கில், பெரும்புற்கள் உள்ள இடங்களிற் செம்மஞ்சளும் கறுப்பும் கலந்த துள்ளிகள் உயரமான இலைநுனியில் அமர்ந்திருக்கும். நிழலான புற்றரைகளில், கீழ்ப்புறம் செங்கபில நிறமாய் அதில் வெள்ளிப் புள்ளிகள் மின்னும் சிறு துள்ளியொன்று காணப்படும். வறண்ட நிலங்களிற் சிற்றாமுட்டி முளைத்த பாழ்வளவுகளில், கறுப்பிலே வெண்புள்ளிகள் கட்டங்கட்டமாகப் பதித்த மற்றொரு சிறு துள்ளி காலடியில் எழுந்து பறக்கும். சிற்றாமுட்டியை வேரோடு களைந்துவிட்டால் இதுவும் போய்விடும். வேலியோரத்தில் நாலு செடி நிற்பதால் யாருக்கும் நட்டமில்லை.

துள்ளிகளை வளவில் வைத்திருத்தல்

துள்ளிகளுக்கென வளவிற் புதிதாக எதையும் வாங்கி நட வேண்டியதில்லை. ஈரடி அகலத்திற் புல்லை வெட்டாமல் விடுதலும், தும்பை, வெட்சி, மூக்குத்திப்பூண்டு போன்றவற்றைப் பூக்கவிடுதலும் போதும். துள்ளியின் உறிஞ்சுகுழாய் நீண்டதாகையால் ஆழமான குழாய்ப் பூக்களையும் அது நாடும். நாயுண்ணிப் பூவிற்கு இவை விரும்பி வருமெனினும், அச்செடி காடாகப் பரவி நிலத்தைக் கெடுக்குமாதலால் அதனை நடலாகாது. வளவைப் பெருக்கிச் சருகுகளைத் தீயிடும் வழக்கத்தினாலும் சுருண்ட இலைகளினுள் இருக்கும் கூட்டுப்புழுக்கள் மிகுதியாக அழிகின்றன. அச்சருகைத் தென்னையடியிற் புதைத்தல் மண்ணிற்கும் நன்று.

வடகீழ்ப் பருவக்காற்று மழை பெய்து பெரும்போகப் பயிரும் வரம்புப் புல்லும் தழைத்து நிற்கும் மாதங்களே வரண்ட வலயத்தில் இவற்றைக் கண்டறிவதற்கு ஏற்ற காலம். வலை வீசிப் பிடித்தல் வேண்டாம். வண்ணத்துப்பூச்சிகளிற் சில சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டவை. கைத்தொலைபேசியிற் படம் எடுப்போர் செட்டையின் மேற்புறத்தை மாத்திரம் எடுத்துத் திருப்தியடைவர். துள்ளிகளைப் பொறுத்தவரை பின்செட்டையின் கீழ்ப்புறமே பெயர் சொல்லும் பக்கமாகும். ஆகையால் செட்டை மூடியிருக்கும்போது பக்கவாட்டில் நின்று மற்றொரு படமும் எடுத்தல் வேண்டும். அமர்ந்திருந்த செடி எதுவென்பதையும் உடன் குறித்துக்கொள்ளுதல் நன்று.

ஐயமான புழுவொன்றைக் கண்டால், அது இருந்த இலையோடு காற்றுத்துளையிட்ட ஒரு போத்தலில் இட்டு, நாள்தோறும் அதே செடியின் புதிய இலையைக் கொடுத்து வந்தால், சில வாரங்களில் உள்ளிருந்து வெளிவரும் பூச்சியே விடையைக் கூறிவிடும். பூச்சிக்குப் பதிலாகச் சிறு குளவிகள் வெளிவருமாயின் அவற்றை வயலிற் கொண்டுபோய் விட்டுவிடல் வேண்டும். மருந்து தெளிப்பதா வேண்டாமா எனத் தடுமாறுவோர் அப்போத்தலையோ சுருண்ட இலையையோ அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்திற்குக் கொண்டுசென்று போதனாசிரியரிடங் காட்டலாம். இலையை மாத்திரங் கொண்டுசெல்வோர் சுருளைப் பிரிக்காமற் கொண்டுசெல்லல் வேண்டும்.